மொக்கு விரால்

என் மாமனார் குளத்து மீனை மீன் என்றே ஒப்புக்கொள்ளாதவர். காங்கேசன்துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, துடிக்கத் துடிக்கக் கடல் மீன் தின்ற நாக்காம். "குளத்து மீனோ? அது சேறு, தம்பி" என்பார். சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்து இரண்டு மாரி கழிந்தபோது, அந்த நாக்கு கருவாட்டுத் தலைக்கும் வழியில்லாமல் கிடந்தது. சேறு திடீரென்று மருந்தாகிவிட்டது.

மருந்து என் மனைவிக்கு. அப்போது கோப்பாயில் இருந்தோம், எங்கள் பிள்ளைக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் வற்றிக்கொண்டு வந்தது. பால்மாவும் கிடைக்காத காலம். பால் சுரக்கச் சுறா வறை கொடுப்பது வழக்கம். சுறாவுக்கு எங்கே போவது? "விரால் பிடிப்பம்" என்றார் மாமனார், விராலைத் தானே படைத்தவர் மாதிரி.

அவருக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. என்னைக் கிளாலியில் இரவு வள்ளம் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து ஜெர்மனிக்கு ஏற்றிவிட வேண்டும். "நீர் முதல் போய்ச் சேரும். இவையளைப் பிறகு கூப்பிடலாம்" என்று காலையும் மாலையும் ஓதுவார். நான் மட்டும் என்ன வீரனா? ஊரை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்துச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்தேன். மனைவிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்தச் சட்டையைத் தோய்ப்பது யார் என்று யோசிக்காத மூளை என்னுடையது.

இத்தனைக்கும் நான் விலங்கியல் படிப்பிக்கிற வாத்தி. விரால் சோடியாகச் சேர்ந்து, கரையோரப் புல்லைக் கடித்து விலக்கி, ஒரு சுளகு அகலத்துக்கு இடம் துப்புரவாக்கும். அதில் மஞ்சள் முட்டைகள் மிதக்கும். பொரித்த குஞ்சுகளைப் பெற்றவை இரண்டும் ஒரு மாதம்போல் காவல் காக்கும் என்று கரும்பலகையில் எத்தனை படம் போட்டிருப்பேன். ஒரு நாளாவது குளத்தங்கரைக்குப் போய்ப் பார்த்தது கிடையாது.

இருவரும் சைக்கிளில் போனோம். கரைக்குக் கிட்ட, குங்குமம் கொட்டினாற்போல் குஞ்சுக் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. மாமனார் தூண்டிலில் தவளையைக் குத்தினார். "குஞ்சோடை நிக்கிறதுக்குப் பசி வராது, தம்பி. கோவம்தான் வரும்." முதல் நாள் யாரிடமோ கேட்டு வந்த வித்தையைப் பரம்பரைச் சொத்துப்போல் சொன்னார். தவளை குஞ்சுகளின் நடுவில் விழுந்தது. இரண்டாம் தரம் போட்டபோது தண்ணீர் வெடித்தது. முழங்கை நீள விரால். அது தின்ன வரவில்லை, துரத்த வந்தது.

"பாத்தீரோ மொக்கு மீனை! குஞ்சை விட்டிட்டு ஓடியிருந்தாத் தப்பியிருக்கும்."

இந்தப் பகிடியை வழியில் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். வெட்கம் கெட்டு நானும் சிரித்தேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருஷக் கடல் நாக்கு சட்டியை வழித்தது.

மறுநாள் மற்ற விராலையும் பிடிக்கப் போனோம். குஞ்சு ஒன்றுகூட இல்லை. கெண்டையும் கொக்கும் முடித்திருந்தன. விரால் மட்டும் அதே இடத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. தவளையை அதன் மூக்குக்கு முன்னால் போட்டார், இழுத்தார், மறுபடி போட்டார். அது திரும்பியும் பார்க்கவில்லை.

"இதுக்கு என்ன கேடு?" என்றார்.

காக்க ஒன்றும் இல்லாததற்கு எதற்குக் கோபம் வரும்? எனக்கு விளங்கியது.

வெறுங்கையோடு வந்து மாமனார் நடந்ததைக் கதையாகச் சொன்னார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி என்னைக் கேட்டாள்.

"நேற்றுப் பிடிச்சது தகப்பன் மீனோ?"

"தெரியாது. ரெண்டும்தான் காவல் நிக்கும்."

"அப்ப ஒண்டு இல்லாட்டி மற்றதாலை ஏலாது, என்ன?"

அவள் பிள்ளையை மாமனாரிடம் கொடுத்துவிட்டு எழும்பிக் கொடியிலிருந்த என் சட்டையை எடுத்தாள்.

"இதைத் தோய்க்கப் போறன். பைக்குள்ளை இருக்கிறதை எடுக்கிறதெண்டா எடுங்கோ. நனைஞ்சிடும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. கிணற்றடிவரை பின்னால் போனேன், கை நீட்டவில்லை. சட்டை வாளிக்குள் போயிற்று.

பிள்ளைக்காக ஊரோடு நின்றவன் என்று இன்றைக்கும் சனம் என்னை மெச்சுகிறது. சனத்துக்கு என்ன தெரியும்? விரால் கோபத்தில் நின்றது. நான் வெட்கத்தில் நின்றேன்.