கொல்லை வீட்டில் குடியிருந்தவர்கள்

குவைத்தில் சண்டை வந்து நான் ஊர் திரும்பிய புதிதில், எங்கள் தெருவில் எனக்கிருந்த மவுசு ஒரு எம்.எல்.ஏ.வுக்குக்கூட இருந்திருக்காது. பாபநாசத்திலிருந்தெல்லாம் வந்து உட்கார்ந்து கதை கேட்பார்கள். ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன் போட்ட சட்டையோடு ஓடி, பாலைவனத்தைப் பஸ்ஸில் கடந்து, ஜோர்டான் எல்லையில் கூடாரத்தில் கிடந்தேன். லாரியிலிருந்து வீசிய ரொட்டிக்கு முட்டி மோதினேன். முன்பின் தெரியாத ஒரு ஜோர்டான்காரர் தண்ணீர் கேன்களோடு வந்து எங்களுக்கு ஊற்றினார். கடைசியில் நம் அரசாங்கம் பிளேன் அனுப்பி எங்களை அள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவை இதைக் கேட்கும்போதும் என் அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த ஜோர்டான்காரன் குடும்பம் நல்லா இருக்கணும் என்பார். அதே அண்ணன் அடுத்த வருஷம் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் கொல்லையில் ஒரு ஓட்டு வீடு உண்டு. அதில் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் அவள் அப்பாவும் வாடகைக்கு இருந்தார்கள். அவள் தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அப்பா அங்கே தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆமிக்காரர்கள் ஒரு பக்கம், இயக்கத்துப் பையன்கள் ஒரு பக்கம், நடுவில் இவர்கள் வீடு. ஷெல் விழுந்து புருஷன் போய்விட்டான். ஆமி முகாமின் முள்வேலி நகர்ந்து நகர்ந்து வந்து கடைசியில் வீட்டையே உள்ளே இழுத்துக்கொண்டது. கோயிலில் தங்கி, பள்ளிக்கூடத்தில் தங்கி, அங்கேயும் குண்டு விழவே போட் ஏறி வேதாரண்யம் கரையில் இறங்கினார்கள். சொந்த வீட்டை விட்டுவிட்டு ஏம்மா வந்தீங்க என்று அவளிடம் ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். குவைத்தை விட்டு ஏன் வந்தாய் என்று என்னை ஒருத்தராவது கேட்டிருப்பார்களா?

பிறகு சென்னைக்குப் பக்கத்தில் அந்தக் குண்டு வெடித்தது. செத்தவர் பெரிய தலைவர், வைத்தது இயக்கத்துக்காரர்கள் என்றார்கள், நாடே கொதித்தது. சிலோன்காரர்களுக்கு வீடு கொடுத்தது யார் யார் என்று போலீஸ் தெருத் தெருவாக விசாரித்தது. எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்துபோன அன்று சாயங்காலமே அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்களக் காலி பண்ணச் சொல்லணும். குறுவை நெல்லைப் போட இடம் வேணும்னு சொல்லிடு. நீ அனுபவப்பட்டவன், உனக்குத்தான் பக்குவமாச் சொல்ல வரும்."

அனுபவப்பட்டவனாம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த ஜோர்டான்காரர் இப்படி நெல் போட இடம் தேடியிருந்தால் என் எலும்புகூடக் கிடைத்திருக்காது என்று கத்தினேன். அது வேற, இது வேற என்றார். தன்னை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது யார் என்று கேட்டார். கேட்டுவிட்டு எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டார். மனுஷன் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும்.

பாகத்தைப் பிரி, என் பாகத்தில் அவர்களை வைத்துக்கொள்கிறேன் என்றேன். எங்களுக்காக நீங்கள் சண்டை பிடிக்க வேண்டாம் அண்ணை என்று அந்தப் பெண்ணே வந்து தடுத்தாள்.

வேறு வீடு தேடி அலைந்தேன். என் கதைக்கு உச்சுக்கொட்டிய அத்தனை வீட்டிலும் காப்பி கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. இரண்டு மகன்களையும் துபாய்க்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர், அந்நிய நாட்டுக்காரனை நம்பி எப்படித் தம்பி வீடு கொடுக்கிறது என்று கேட்டார். எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்தேன். அகதி முகாமில் கேட்டால் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை, வேண்டுமானால் ஊருக்குத் திரும்பும் கப்பலில் பெயர் கொடுங்கள் என்றார்கள். ஒரு நாடு என்ன பெரிதாகச் செய்யவேண்டும்? ஓடி வந்தவனை உள்ளே விடு. அவன் வீடு அவனுக்குத் திரும்பக் கிடைக்கிற வரைக்கும் விரட்டாதே. அதுவரை உழைத்துச் சாப்பிட விடு. இதற்கு எத்தனை சபை கூட வேண்டும், எத்தனை கோட்டுக்காரர்கள் கைகுலுக்க வேண்டும்?

கொல்லை வீட்டை அண்ணன் பூட்டிய அன்று அவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கப்பலுக்குப் பெயர் எழுதும் ஆபீசுக்குப் போனேன். தையல் மிஷினைத் தெருவிலேயே ஒருத்திக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். அங்கிருந்த அதிகாரி தன்மையானவர். பெரியவருக்கு நாற்காலி போடச் சொன்னார். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"யாரும் கட்டாயப்படுத்தலையே? உங்க விருப்பத்துலதானே போறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஓம் ஐயா, விருப்பத்தோடதான்" என்றார் பெரியவர்.

"அங்க போய் எங்க தங்குவீங்க?"

இதற்கு அவள் பதில் சொன்னாள்.

"தெரியாது ஐயா. இண்டைக்கு ராவுக்கு இங்க எங்க தங்கிறதெண்டும் தெரியாது."

அதிகாரி முதல் கேள்விக்கான பதிலை மட்டும் எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார்.