நிழல் காயும் நேரம்

லாரியின் பின்பலகை முழுதாக இறங்குவதற்குள் அவர் கை ஜல்லிக்குள் போய்விடுகிறது. ஒரு பிடி அள்ளி, தோளில் கிடக்கும் கறுப்புத் துணியில் கொட்டி, மூட்டையாக முடிந்து, காதோரம் வைத்து நாலு குலுக்கு. பிறகு பிரித்துப் பார்ப்பார். துணி கறுப்பாகவே இருந்தால் தலையாட்டுவார். வெள்ளையாக மாவு படிந்திருந்தால் வாயைத் திறக்க மாட்டார். வந்த வழியை விரலால் காட்டுவார். டிரைவர் என்ன குதி குதித்தாலும் லாரி திரும்ப வேண்டியதுதான். ரோடு போடுகிற இடத்தில் அவருக்குக் 'கறுப்புத்துணி மேஸ்திரி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அந்தத் துணியை வேறு யாரும் தொடக் கூடாது.

பழைய ரோட்டின் மேல் சூடான தாரைத் தெளித்து, அது ஆறுவதற்குள் பொடி ஜல்லியைத் தூவி, ரோலரால் அழுத்துகிற மேல்பூச்சுதான் அவர் வேலை. போடுவது சுலபம். பத்தே நாளில் பெயர்ந்துகொண்டு வருவது அதைவிடச் சுலபம். ஏன் பெயர்கிறது என்று கேட்டால், கல்யாணப் பேச்சு பேசுகிறவர் மாதிரி கண்ணை அரைவாசி மூடிக்கொள்வார்.

"தாருக்குக் கல்லு மேல பிரியம். நடுவுல தூசி வந்து உக்காந்துக்கிச்சுன்னா, தூசியக் கட்டிப் புடிச்சுக்கும். கல்லு தனியா நிக்கும். ஈரம் இருந்தாலும் இதே கதைதான்."

ரோலர் தாமதமாக வந்தாலும், சூடு தணியுமுன் வண்டிகளைப் பறக்க விட்டாலும் கதை மாறாது என்பார்.

தார் வண்டி நகர்வதற்கு முன் அவர் ரோட்டில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்ப்பது வழக்கம். கை காய்த்துப் போய்விட்டதாம், கன்னம்தான் ஈரத்தைச் சொல்லுமாம். வெயிலில் கண்மூடிக் கிடக்கிற அந்த இரண்டு நிமிடம் அவர் எந்த உலகத்தில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வந்த ரோலர் டிரைவர் ஒருமுறை மயக்கம் என்று பதறி, முகத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டார். மேஸ்திரி எழுந்தார். முகத்தைத் துடைக்கவில்லை, ரோட்டைத் துடைத்தார்.

இவ்வளவும் ஆறு வருடமாகத்தான். அதற்கு முன் அவரும் மற்றவர்களைப் போல அவசரக்காரர். ஆஸ்பத்திரி வாசலில், பெரிய மரங்களுக்கு அடியில் போகிற ரோட்டுக்கு அன்று மேல்பூச்சு. முந்தின நாள் தூறியிருந்தது. இந்த முனையைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. அந்த முனையும் காய்ந்திருந்தது. நடுவில் மட்டும் என்ன இருந்துவிடப் போகிறது என்று தார் வண்டிக்குக் கையைக் காட்டிவிட்டார். நடுவில் நூறு அடிக்கு மர நிழல். இரண்டு வாரத்தில் அந்த நூறு அடி மட்டும், நிழல் விழுகிற வடிவத்திலேயே பெயர்ந்தது. உதிரி ஜல்லியில் முதலில் சறுக்கி விழுந்த ஸ்கூட்டர் அவர் மனைவியுடையது. அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்குச் சீட்டு எழுதும் வேலை.

வலது மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது. ஆனால் முறுக்க வராது. அன்றிலிருந்து வீட்டுத் துணி அத்தனையும் பிழிகிறவர் மேஸ்திரிதான். "கீழ விழுந்தாத்தான் இவரு துணி பிழிவாருன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே விழுந்திருப்பேன்" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. அந்த நூறு அடிக்கு யார் யாரோ ஒட்டுப் போட்டார்கள். அவளோ இன்றுவரை அங்கே இறங்கி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுதான் போகிறாள். தூரத்திலிருந்து அதைப் பார்க்க நேர்ந்தால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன வாரம் அதே ரோடு மறுபடியும் அவர் கைக்கு வந்தது. தார் கொதித்துத் தயாராக இருந்தது. மேற்கே மேகம். இன்ஜினியர் மேகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேஸ்திரி நேராக மரத்தடி நடுவில் போய்ப் படுத்தார்.

"சில்லுன்னு இருக்கு சார். நிழல் நகரட்டும்."

"அதுக்குள்ள மழை புடிச்சுக்கிட்டா என்ன பண்றது, மேஸ்திரி?"

"நாளைக்குப் போடுவோம். ஈரத்துல போட்டா ஆயுசுக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே இன்ஜினியர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் யாரும் எதுவும் செய்யவில்லை. ரோட்டைப் பெருக்கி முடித்த பெண்கள் துடைப்பத்தை மடியில் போட்டுக்கொண்டு தூங்கி வழிந்தார்கள். மேஸ்திரி நிழலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இலை நிழல்கள் அவர் முழங்காலில் ஏறி, மறு பக்கம் இறங்கின. நிழல் விரல் அளவு நகர்ந்தால் அவரும் விரல் அளவு நகர்ந்தார். விலகிய இடத்தில் ரோடு கறுப்பிலிருந்து சாம்பலாக வெளுத்துக்கொண்டே வந்தது. நல்ல காலம், மேகம் வேறு ஊரைப் பார்த்துப் போய்விட்டது. கன்னத்தில் ஈரம் தட்டாத பிறகுதான் தார் வண்டிக்குக் கையைக் காட்டினார்.

அன்று மாலைவரை சிவப்புக் கொடியோடு அவரே நின்று வண்டிகளை ஊர்ந்து போக வைத்தார். மறுநாள் காலையில் உதிரி ஜல்லியைக் கூட்டித் தள்ளிவிட்டு, மரத்தடியில் காத்திருந்தார். மனைவியின் ஸ்கூட்டர் வந்தது. நிழல் தொடங்கும் இடத்தில், எப்போதும் போல நின்றுவிட்டது. அவர் அவள் கால்களையே பார்த்தார். இறங்கிவிடுவாளோ என்ற பயம்.

அவள் இறங்கினாள். ஸ்டாண்டு போட்டாள். குனிந்து, அந்த வலது கையாலேயே ஒரு ஜல்லியை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. பக்கத்தில் இன்னொன்றை நெம்பினாள். அதுவும் வரவில்லை. நிமிர்ந்து, தார்க் கறை படிந்த விரல்களை அவர் தோளில் கிடந்த கறுப்புத் துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து கிளப்பினாள்.