மரக்கூண்டில் நின்ற மான்கள்

ஈர வைக்கோலும் குரங்கு மூத்திரமும் கலந்த நெடி ராயபுரத்தில் எங்கள் தெருக்கோடிக் கொட்டகையிலிருந்து வீசினால், கப்பலேற்ற "உருப்படி" வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். சீமைக்குப் போகும் விலங்குகளை ஒரு காண்ட்ராக்டர் அங்கேதான் அடைத்துவைப்பார். ஐம்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது வயதான கோடையில், கப்பல் தாமதமானதால் ஒரு கூட்டம் குரங்குகளும் மூன்று புள்ளிமான்களும் பல நாள் அங்கேயே கிடந்தன.

குரங்குகள் கூண்டை உலுக்கிக் கத்தும். காவல்காரர் "பேஜாரு புடிச்சதுங்க" என்று திட்டிக்கொண்டே தண்ணீரோடு ஓடுவார். மான்கள் கத்தவில்லை. மெல்லிய கால்களைச் சேர்த்துவைத்து, எங்களைப் பார்த்தபடி நின்றன.

அந்த வாரம்தான் என் அக்கா சரோஜா, கல்யாணமாகி நான்கே மாதத்தில், திருவொற்றியூரிலிருந்து தனியாக வந்தாள். "அவுரு அடிக்கிறாரும்மா. இனிமே நான் போவ மாட்டேன்" என்று முதுகைக் காட்டினாள். அம்மா பார்த்து அழுதாள். பிறகு எங்கள் இருவரையும் கொட்டகைக்கு அழைத்துப்போனாள்.

"இன்னா அழகா நிக்குது பாரு! வாயத் தொறக்குதா? பொம்பள இப்டி இருந்தாதான் வூடு நிக்கும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் அம்மாவே அவளைக் கொண்டுபோய் விட்டுவந்தாள்.

இரண்டு நாள் கழித்து உச்சிவெயிலில் எட்டிப் பார்த்தேன். மான்களின் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. ஒரு மான் முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்துவிட்டது. காவல்காரரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் "அடக்கமான பொண்ணு" என்று பேரெடுக்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்த நான், அந்நிய ஆம்பளையிடம் பேசத் தயங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் அது செத்துப்போனது.

"சத்தமே இல்லியே, நல்லா கீதுன்னு நெனச்சேன்" என்றார் காவல்காரர்.

ஓடிவந்து அம்மாவிடம் சொல்லி, "அக்காவக் கூட்டினு வந்துடும்மா" என்று கத்தினேன். கன்னத்தில் அறை விழுந்தது. "மானும் மனுஷியும் ஒண்ணாடி?" என்றாள் அம்மா.

அக்கா அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்து, முப்பதைத் தொடுமுன் போய்ச்சேர்ந்தாள். பிணத்தைச் சுற்றியிருந்த பெண்கள் அவள் பொறுமையைச் சொல்லிச்சொல்லி அழுதார்கள்.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. விலங்குகளைக் கப்பலேற்றுவதும் நின்றுபோயிற்று. அக்காவின் புருஷன் எண்பது வயதுவரை இருந்தார். அவர் சாவுக்குத் தெருவே திரண்டது. நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு, ஒருவர் விடாமல், காரணத்தைச் சொன்னேன்.