படக்கதைக் கடை ஆதம்லெப்பை காக்கா

திங்கட்கிழமை மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பாடசாலைக் காவலாளி வகுப்பு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், படக்கதைக் கடைக் காக்கா மவுத்தாகிட்டாராம். விடிய சுபஹு தொழுதுட்டு, நெஞ்சு நோகுதெண்டு படுத்தவராம்" என்று சாவுச் செய்தியைச் சொன்னார். கையிலிருந்த வெண்கட்டியை மேசையில் வைத்தேன். பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்தக் கடையின் வாசகர்கள்.

கல்முனைக் கடைத்தெருவில், தையற்கடைக்கும் சைக்கிள் திருத்துமிடத்துக்கும் நடுவே, இருவர் சேர்ந்து நிற்க முடியாத ஒடுக்கமான கடை அது. துப்பறிவாளர்களும் குதிரைவீரர்களும் விண்வெளிக்குப் போகிறவர்களும் அட்டைப்படங்களாகக் கயிற்றில் தொங்குவார்கள். விற்பனை பாதி, இரவல் மீதி. ஊருக்கே அண்ணன் முறையான ஆதம்லெப்பை காக்கா உள்ளே குந்திக்கொண்டு தானும் ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் கூப்பிட்டாலும் பக்கம் முடியாமல் நிமிர மாட்டார்.

நான் அங்கே முதலில் போனது சண்டை பிடிக்க. எழுபத்தெட்டாம் ஆண்டில் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை நான். கணக்குப் பாடத்தில் ஒரு மாணவி மடியில் வைத்துப் படித்த புத்தகத்தைப் பறித்து, எல்லோர் முன்னிலையிலும் கிழித்தேன். கிழிந்ததைக் கொண்டுபோய் அவர் முன் போட்டு, "புள்ளைகளக் கெடுக்கிறீங்க" என்றேன். அவர் கோபிக்கவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தார்.

"கடைசித் தாளக் காணல்லயே டீச்சர். முடிவு தெரியாம அந்தப் புள்ள என்ன செய்யும்?"

மறுநாள் குப்பைக் கூடையில் தேடியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒட்டி, அந்த மாணவிக்கே அனுப்பினார். எனக்கும் ஒரு புத்தகம் இரவல் தந்தார். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் இன்னொன்றோடு வந்தேன்.

அந்த வருடம் முடியுமுன் சூறாவளி அடித்தது. கடையின் கூரை போய்விட்டது. புத்தகங்கள் எல்லாம் சேற்றில். பத்து நாளாக அவர் அந்தப் பக்கமே போகவில்லை. செத்தவர்களின் மையித்துகளை எடுக்கவும் விழுந்த தென்னைகளை அகற்றவும் மற்றவர்களோடு நின்றார். பிறகு ஒரு சாக்கு மூட்டையுடன் மருதமுனையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "சனம் சோத்துக்கு நிக்கிது. நான் இதத் தூக்கிட்டுத் திரியிறன்" என்று வெட்கத்தோடு சொன்னார். என் வாப்பா நெசவாளர். சாயம் தோய்த்த நூலைக் காயப்போடும் கொடிகளை அவருக்குக் கொடுத்துவிட்டார். ஒரு கிழமை எங்கள் வளவு முழுக்கப் படக்கதை காய்ந்தது.

காய்ந்தவற்றில் பலதுக்குக் கடைசிப் பக்கங்கள் இல்லை. அப்போதுதான் அவர் ஒரு கூட்டம் வைத்தார். கூரையில்லாத எங்கள் பாடசாலை மண்டபத்தில், ஒரு விடுமுறை நாளில், வாசகர்கள் எல்லோரும் கூடினார்கள். பாண்டிருப்பிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும்கூட வந்தார்கள். முடிவு நினைவிருப்பவர் எழும்பிச் சொல்ல வேண்டும்; நான் எழுத வேண்டும்; அந்தத் தாளை அவர் புத்தகத்தில் ஒட்டுவார். வில்லன் செத்தானா, தப்பினானா என்று இரண்டு பெரிய மனிதர்கள் அடிபடாத குறையாக வாதாடினார்கள்.

மத்தியானமளவில் சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளி ஒருவர் எழும்பினார். சூறாவளியில் மகளைப் பறிகொடுத்தவர். "எனக்கு வாசிக்கத் தெரியா. இந்தக் கதைய மகள்தான் எனக்குச் சொல்லித் தந்த" என்று தொடங்கி, தடுமாறித் தடுமாறி முடிவைச் சொன்னார். அவர் சொன்ன கதையில் கடலில் விழுந்த பெண் உயிரோடு கரைக்கு வந்தாள். அச்சில் அப்படி இல்லை. நானும் காக்காவும் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள். நான் பேனையை நிறுத்திவிட்டுக் காக்காவைப் பார்த்தேன்.

"அவர் சொன்ன மாதிரியே எழுதுங்க டீச்சர்" என்றார் காக்கா மெதுவாக.

அப்படியே எழுதினேன். மண்டபத்தில் யாரும் திருத்தவில்லை.

அதன்பின் வருடா வருடம் கூடினோம். எண்பதுகளின் நடுவில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே பாதை அடைபட்டபோது கூட்டமும் நின்றது. தமிழ் ஊர் வாசகர்கள் கேட்டிருந்த புத்தகங்களை மட்டும் காக்கா ஆளாளுக்குத் தனித்தனியாகக் கட்டி வைத்தார். அதை வைத்து எங்கள் ஊர்ச் சிலர் அவரோடு முரண்பட்டதும் உண்டு. "வருவாங்க" என்பதற்கு மேல் அவர் எதுவும் கதைக்கவில்லை.

ஜனாஸா அடக்கப்பட்ட மூன்றாம் நாள் நான் காக்காவின் மனைவியோடு, மச்சியோடு, அவர்கள் வீட்டில் இருந்தேன். கணவரை இழந்தவர் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் மச்சி திரைக்குப் பின்னால் இருந்தார். வாசலில் ஒருவர், நெற்றியில் திருநீறு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பாதை திறந்தபின் முதன்முறையாகக் கடைக்கு வந்திருக்கிறார். பூட்டியிருக்கவே விசாரித்து வந்திருக்கிறார்.

"திருக்கோவில்லயிருந்து வாறன். இவ்வளவு காலமும் கடைக்காரர் எண்டுதான் கூப்பிட்ட. அவர்ர பேர் எனக்குத் தெரியா. கோயில்ல ஒரு விளக்கு வைக்கணும். பேரைச் சொல்லுவீங்களா?"

நான் வாயெடுக்குமுன் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆதம்லெப்பை."

கணவரின் பெயரை மச்சி வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. வந்தவர் பிழையில்லாமல் வரும்வரை அதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "ஓம், ஆதம்லெப்பை" என்று தலையாட்டிவிட்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.

காக்கா, உங்கள் பெயர் இப்போது அவ்வளவு தூரம் போயிருக்கிறது. அல்லாஹ் நீங்கள் அடங்கியிருக்கும் கபுறை வெளிச்சமாக்கி வைக்கட்டும்.