ஒரு தட்டுக்கு ஒரு சொல்

மகளின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. உங்கள் குழந்தை எப்படிக் கற்கிறது, பார்த்தா, கேட்டா, செய்து பார்த்தா என்று கேட்டு, கட்டத்தில் டிக் போடச் சொல்கிறார்கள். என் மகள் டிவி ஓடினால்தான் படிப்பாள். அதற்குக் கட்டம் இல்லை. எனக்கும் இருந்திருக்காது. நான் புளி தட்டும் சத்தத்தில் படித்தவள்.

தருமபுரிப் பக்கம் பல வீடுகளில் புளி தட்டுவார்கள். ஓடு நீக்கிய புளியை வியாபாரி மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். கல்லில் வைத்து மரக்கட்டையால் தட்டினால் கொட்டை தெறித்து வெளியே வரும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட அம்மா அந்த வேலைதான் பார்த்தாள். சாயங்காலமானால் நான் அவள் எதிரே நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பேன். ஒரு தட்டுக்கு ஒரு சொல். வாய்க்குள் படித்தால் ஒரு வரிகூட மண்டையில் ஏறாது. கட்டைச் சத்தம் கேட்டால் பாடம் தண்ணீராக ஓடும்.

"ஊருக்கேவா பரீட்ச? மெதுவாப் படிக்கக் கூடாதா புள்ள?" என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

அவ்வப்போது கட்டை நின்றுவிடும். அம்மா கொட்டையை ஒதுக்குகிறாள் என்று நினைத்து நானும் நிற்பேன். சும்மா நிற்காமல், சொன்னதையே இன்னொரு தரம் சொல்லிப் பார்ப்பேன். விட்டுப்போன ஏதாவது ஒன்று அப்போது நினைவுக்கு வந்துவிடும்.

எட்டாம் வகுப்பு முழு ஆண்டுப் பரீட்சையில் அன்று சமூக அறிவியல். வழக்கமாகத் தொடையில் விரலால் தட்டிக்கொண்டு எழுதுவேன். அன்று பதற்றத்தில் பேனாவால் பெஞ்சிலேயே தட்டிவிட்டேன். மேற்பார்வைக்கு வந்த சார் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு தட்டுக்கு 'அ', இரண்டு தட்டுக்கு 'ஆ' என்று பின்னால் இருந்தவளுக்கு ஒரு மார்க் விடைகளை அனுப்புகிறேனாம். அதற்கு முன்னும் பின்னும் என்னை அவ்வளவு கெட்டிக்காரியாக யாரும் மதித்ததில்லை.

தலைமையாசிரியை அறையில் அழுதுகொண்டு நின்றேன். தாள் திரும்ப வராவிட்டால் முட்டைதான். வீடு அடுத்த தெருவில் இருந்ததால் அம்மாவுக்கு ஆள் போனது. புளி பிசுபிசுத்த கையோடு வந்து சேர்ந்தாள்.

"தட்டுற சத்தமில்லாம இவளுக்குப் படிப்பு வராதுங்க டீச்சர். நம்பலீன்னா கேள்வி கேட்டுப் பாருங்க" என்றாள்.

டீச்சர் ஊராட்சியின் பணிகளைக் கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் எழவில்லை. அம்மா மேசையில் கிடந்த டஸ்டரை எடுத்து, அதன் கட்டைப் பக்கத்தால் தட்ட ஆரம்பித்தாள். சாக்பீஸ் தூள் பறந்தது. குடிநீர், சாலை, தெருவிளக்கு, நூலகம் என்று எனக்கு வரிசையாக வந்தது. டஸ்டர் நின்றது. வீட்டில் போலவே நானும் நின்று, திரும்ப முதலிலிருந்து சொன்னேன். குடிநீர், சாலை, தெருவிளக்கு, கழிவுநீர் வாய்க்கால், நூலகம். டஸ்டர் மறுபடி தட்டியது.

சார் சிரித்துவிட்டார். டீச்சர் தாளைக் கொடுத்து, வராந்தாவில் தனியாக உட்கார்ந்து இஷ்டம்போல் தட்டி எழுதச் சொன்னார். எழுதி முடித்தேன், பாஸும் ஆனேன். ஆனால் மணி அடிப்பதற்குள் பள்ளி முழுக்க என் பெயர் 'புளி' ஆகிவிட்டது.

மானம் கப்பலேறியது அம்மாவால்தான் என்று எனக்கு ஆத்திரம். "இனிமே நான் படிக்கறப்ப நீ தட்டாத" என்று கத்தினேன். அம்மா மறுநாள் முதல் கல்லையும் கட்டையையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தையிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒன்பதாம் வகுப்பை நான் வாயை மூடிக்கொண்டு, தட்டுத்தடுமாறிப் படித்தேன்.

இன்று படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைக்கிறது. டீச்சரின் மேசைமேல் புளி இல்லை. ஒதுக்குவதற்குக் கொட்டையும் இல்லை. கழிவுநீர் வாய்க்காலை நான் விட்ட இடத்தில் டஸ்டர் ஏன் நின்றது?

மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்னோடு சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை வந்திருக்கிறாள். அதற்கு மேல் அவளைப் படிக்கவிடாமல் எழுப்பி அனுப்பியவள் நான்தான் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.