ராணியம்மாவின் இடது கண்

திரைச்சீலை தைப்பவருக்கு நாய் என்றாலே ஆகாது. மனைவி ஷிட்ஸூ ஜாதி நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து வீட்டில் பாதிப் பேச்சு நின்றுபோனது. சப்பை மூக்கு, உருண்டைக் கண், தரையைப் பெருக்கும் முடி. தினமும் சீவாவிட்டால் சிக்கு விழும். கொஞ்சம் வெயில் பட்டாலும் இரைக்கும். மடி கிடைத்தால் இறங்காது. அவள் சீராட்டுவதைப் பார்த்து அவர்தான் கிண்டலாக ‘ராணியம்மா’ என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

தன் உருவம் எவ்வளவு என்பது மட்டும் ராணியம்மாவுக்குத் தெரியவே தெரியாது. எத்தனை பெரிய நாயைக் கண்டாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரில் போய் நிற்கும்.

அன்று காலை, “நானா நாயா, முடிவு பண்ணு” என்று அவர் கத்தியதும், மனைவி பையை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் நிலைய டிக்கெட் கவுண்டர் வேலைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் திரைச்சீலை தைக்க ஜன்னல் அளவைக் குறித்துக்கொண்டு ஒருவர் வீட்டு முன்னறைக் கடைக்குள் வந்தார், கூடவே கன்றுக்குட்டி உயர நாய். மேஜைக்கடியிலிருந்து ராணியம்மா குரைத்தபடி பாய்ந்தது. பெரிய நாய் அதன் தலையைக் கவ்வி ஒரே உதறு. வந்தவர் சங்கிலியை இழுப்பதற்குள், ராணியம்மாவின் இடது கண் பிதுங்கி இமைக்கு வெளியே நின்றது.

தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

“கண்ணு... கண்ணு வெளிய வந்துடுச்சு.”

மறுமுனையில் அவள் கேட்டாள், “உள்ள தள்ளினீங்களா?”

“தொடவே இல்ல.”

“தொடாதீங்க. இதுங்களுக்குக் கண்குழி ஆழமில்ல, இப்படி ஆகலாம்னு நாய் டாக்டர் சொல்லியிருக்காரு. சுத்தமான துணிய நனைச்சு லேசா மேல வைங்க. காயவே கூடாது. சொறிய விடாதீங்க. கழுத்த அழுத்தாதீங்க. நான் நேரா டாக்டர்கிட்ட வந்துடறேன்.”

வந்தவர் பதறிப்போய் டாக்ஸி பிடித்துக் கொடுத்தார். பாதி வழியில் நெரிசலில் வண்டிகள் நகராமல் நின்றன. ராணியம்மாவின் மூச்சு கர்கரென்று இழுத்தது. டிரைவர் கேட்காமலே ஏசியைக் கூட்டினார். முன்காலிரண்டையும் ஒரு கையில் அடக்கிக்கொண்டு, மறுகையால் துணியை நனைத்தபடியே இருந்தார் தையல்காரர். பாட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

“அண்ணே, தண்ணி இருக்கா?”

டிரைவர் தன் பாட்டிலை நீட்டினார். “கடிக்காதா சார்?”

“கடிச்சா கடிக்கட்டும். நீங்க சந்து வழியா விடுங்க!”

அது கடிக்கவில்லை. நடுங்கிக்கொண்டே அவர் வயிற்றில் முகத்தைப் புதைக்கப் பார்த்தது. கண் உரசிவிடப் போகிறதே என்று தாடையைத் தாங்கி நிமிர்த்தியே வைத்திருந்தார். “அம்மாடி, கொஞ்சம் பொறுத்துக்கோடி” என்று வாய் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, கண்ணை உள்ளே வைத்து, மறுபடி பிதுங்காமலிருக்க இமையைத் தைத்து மூடினார். கதவுக்கு வெளியே கணவனும் மனைவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் துணி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அவள் அதை மெல்ல வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சில வாரம் கழித்து இமைத் தையலைப் பிரித்தபோது கண் பிழைத்திருந்தது; பார்வை திரும்பவில்லை. ராணியம்மா இடது பக்கம் நாற்காலியில் இடித்துக்கொள்கிறது. ஆனாலும் தெருவில் பெரிய நாயைக் கண்டால் பழைய வீராப்புதான். அவர்தான் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்கிறார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் வேலையும் அவருடையதே. மருந்து பாட்டிலைப் பார்த்தாலே உறுமும்.

“உறுமு, உறுமு” என்பார். இமையை விலக்கிப் பிடித்த விரல் மட்டும் அசையாது.