ஓரகத்தியின் மாஸ்க் சைஸ்

பெங்களூர் அல்சூரில் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருக்கிறோம். மேலே நானும் என் கணவரும். கீழே அவருடைய தம்பியும் தம்பி மனைவியும். எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே வியாதி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. டாக்டர் இருவருக்கும் ஒரே மாதிரி மெஷின்தான் எழுதிக் கொடுத்தார். மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால் குழாய் வழியாகக் காற்று வரும்.

அவள் மாஸ்க் சத்தமே போடாதாம். என்னுடையது ஓரத்தில் கசிந்து கண்ணில் அடிக்கும், உஸ்ஸென்று இரையும். "குக்கர் பக்கத்துல படுத்த மாதிரி இருக்குது" என்று என் கணவர் தலையணையோடு மகளின் பழைய அறைக்குப் போய்விட்டார். இரண்டு நாளில் வந்துவிடுவார் என்றுதான் இருந்தேன். மாதக் கணக்காயிற்று. கீழே இருப்பவர்களோ ஒரே அறையில் தூங்கி எழுந்து, காலையில் ஜோடியாக ஏரிப் பக்கம் வாக்கிங் போவார்கள். மாடியிலிருந்து பார்க்கிற எனக்கு வயிறு எரியும். அவள் சிரித்துக்கொண்டு போனால் இன்னும் எரியும்.

முதன்முதலில் இந்த மாஸ்க்கை வாங்கப் போனபோதே, "உங்க முகத்துக்கு மீடியம்தான் மேடம் செட் ஆகும்" என்றார் கடைக்காரர். நான் உடனே ஓரகத்திக்குப் போன் போட்டேன்.

"எனக்கு ஸ்மால்தாங்க்கா" என்றாள்.

ரவிக்கை அளவிலேயே அவளிடம் தோற்றுப்போனவள் நான். மூக்கிலுமா தோற்பது? ஸ்மாலே கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். காற்று கசியக் கசிய வாரை இறுக்கினேன். இறுக்க இறுக்க இன்னும் கசிந்தது. மூக்குத் தண்டில் சிவப்பாகத் தழும்பு விழுந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் காலை தண்ணீர் மோட்டார் போடக் கீழே இறங்கினேன். அவள் தன் மாஸ்க்கைக் கழுவிக் கொடியில் காயப் போட்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். முகத்தில் படும் சிலிக்கான் விளிம்பில் எம் என்று போட்டிருந்தது. மீடியம்!

வாக்கிங் முடிந்து வந்தவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "ஏண்டி பொய் சொன்னே?"

"உங்ககிட்ட போயி மீடியம்னு எப்படிக்கா சொல்றது? நீங்க சிரிப்பீங்க."

சிரித்திருப்பேன்தான்.

அன்றே மீடியம் வாங்கி, வாரைத் தளர்வாக விட்டு மாட்டிக்கொண்டேன். கசிவும் இல்லை, இரைச்சலும் இல்லை. மறுநாள் கணவருக்குக் காபி கொடுக்கும்போது, "இப்போ லீக் ஆகறதில்ல. நம்ம ரூமுக்கே வந்துடுங்க" என்றேன். சொல்லும்போது புதுப்பெண் மாதிரி வெட்கம் வேறு.

"நல்லதாப் போச்சு" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "எனக்கு அங்கயே பழகிடுச்சு. இருக்கட்டுமே."

சரி என்று சமையலறைக்கு வந்து அடுப்பைத் துடைத்தேன். ஏற்கனவே துடைத்திருந்த அடுப்பு. மாஸ்க் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவரைக்கும் பழியை அதன்மேலாவது போட முடிந்தது.